சமையலறைக்கு ஒரு கதவு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே குப்பையில் போடுவாய் என்று, முகவரியை என் வீட்டுக்காரியை விட்டு எழுத வைத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டு, "இதுக்குமா ஒரு ஆள்? ஒரு நாள் நீங்களே உங்களுக்குப் பொண்டாட்டியா இருந்து பாருங்க" என்றாள். அப்பா எழுதி நாற்பத்து நான்கு வருடம் ஆன வசனம். என் வீட்டில் வாரத்துக்கு மூன்று காட்சி ஓடுகிறது.

நீ என்னோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. என் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு ஆள் போனிலிருந்து கூப்பிட்டாலும் இருமலை வைத்தே கண்டுபிடித்துத் துண்டித்துவிடுகிறாய். கோர்ட்டில் சுருக்கெழுத்து எடுக்கிற காதை ஏமாற்ற முடியுமா? அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். விஷயத்துக்கு வருவது என் தொழிலுக்கு விரோதம், இருந்தாலும்.

பழைய படங்களைச் சுத்தம் செய்து புதிதாக்கித் தருகிற நிறுவனம் ஒன்று அப்பாவின் படத்தைக் கையில் எடுத்திருக்கிறது. படத்தின் பேரை எழுதவில்லை, உனக்கு ரத்த அழுத்தம் ஏறும். வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத புருஷனும் பெண்டாட்டியும் மேடையில் டூயட் பாடிப் பிழைக்கிற கதை, அதேதான். மூலச் சுருள் இருந்த தகர டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை அடித்ததாம். சுருள் அழுகத் தொடங்கினால் அப்படித்தானாம். வெளியே இருக்கிற பிரதிகள் எல்லாம் வெட்டும் ஒட்டுமாகக் கிடக்கின்றன. இன்னும் ஒரு வருடம் விட்டால் டப்பாவில் பிசின்தான் மிஞ்சும் என்கிறார்கள்.

கதை வசன உரிமை அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பிறகு நம் இருவருக்கும். இரண்டு கையெழுத்தும் வேண்டும். மார்ச் 31 தாண்டினால் வரிசையில் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

அதைக் கொண்டுவந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்காது. என் கூடத்தில் நின்றுகொண்டு சமையலறைச் சண்டைக் காட்சியை, புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அவளே குரல் கொடுத்து, ஒரு வார்த்தை விடாமல் நடித்துக் காட்டினாள். என் வீட்டுக்காரி கைதட்டினாள். பத்திரிகையில் நான் வாரா வாரம் எழுதுகிற நகைச்சுவைப் பக்கத்துக்கு அந்தக் கைகள் இதுவரை அசைந்ததில்லை. அந்தப் பக்கமும் இப்போது கால் பக்கம் ஆகிவிட்டது. "ஜனங்க இப்பல்லாம் சின்னதாத்தான் சார் சிரிக்கிறாங்க" என்றார் ஆசிரியர்.

முட்டி வலிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

உன் தம்பி

*

பிப்ரவரி 17

தம்பி,

உன் கடிதமும் படிவமும் கிடைத்தன. படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போட மாட்டேன்.

ஏன் என்று நீ கேட்கவில்லை. அக்கா முசுடு என்று முடிவு செய்திருப்பாய். காரணத்தை ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பதினோரு வயது, உனக்கு ஆறு. ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா காலையிலிருந்து சமைத்து வைத்துக் காத்திருந்தாள். மூன்று மணிக்கு மேல் அப்பா சினிமாக்காரர்கள் நாலு பேரோடு வந்தார். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு மிச்சமில்லை. அப்போது அவள் சொன்னாள்: "உங்களுக்குப் பசிச்சா நான் சமையல்காரி. தூக்கம் வந்தா நான் தலையணை. நாலு பேர் வந்தா மட்டும் நான் பொண்டாட்டி. ஒரு நாள் நீங்களே உங்களுக்குப் பொண்டாட்டியா இருந்து பாருங்க." சொல்லிவிட்டு சமையலறைக் கதவை அறைந்து சாத்தினாள். அந்தச் சத்தத்தில் நான் உன் காதைப் பொத்தினேன். சத்தம் வந்த பிறகு பொத்தி என்ன பிரயோஜனம்?

பத்து மாதம் கழித்து அப்பா நம்மைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். திரையில் ஒருத்தி அதே வார்த்தைகளைச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். தியேட்டரே சிரித்தது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. சிரிக்கிற ஜனங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தன் வீட்டுச் சண்டையைப் பார்த்து ஊர் சிரிக்கும்போது ஒரு பெண்பிள்ளையின் முகம் எப்படி இருக்கும்?

போன மாதம் கோர்ட்டில் ஒரு வக்கீல் மூன்றாவது முறையாக வாய்தா கேட்டார். நீதிபதி, "ஒரு நாள் நீங்களே உங்களுக்குக் கட்சிக்காரரா இருந்து பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து குறிப்பெடுத்தேன். முப்பத்திரண்டு வருடமாக அடுத்தவர் சண்டையை வார்த்தை மாறாமல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மாவின் சண்டையையும் எடுக்க வேண்டியிருக்கிறது.

நீயும் அப்பா பிள்ளைதான். அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்த பதினேழு நாளில் அவள் பல்செட் காணாமல் போனதை எழுதினாய். அவள் போய் இரண்டு வாரம் ஆகவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஆள் அதைப் படித்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனேன்.

சுருள் அழுகட்டும்.

அக்கா

*

பிப்ரவரி 25

அன்புள்ள அக்கா,

பஸ் விஷயம் எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள். அந்த ஆள் யாரென்று தெரிந்தால் சொல். என் எழுத்தைப் படித்துத் தொடையைத் தட்டின கடைசி வாசகன் அவனாகத்தான் இருக்கும்.

பார், ஒரு வரி ஒழுங்காக மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. என் வீட்டுக்காரி சொல்வாள், "உங்களுக்கு அழுகை வந்தா மூக்குல வராம ஜோக்குல வருது" என்று. மன்னித்துக்கொள். இது இரண்டாவது. இரண்டு கேட்டால் ஒன்று இலவசம் என்று மூன்றாவதாகவும் ஒன்று: மன்னித்துக்கொள்.

ஆனால் படத்துக்காக ஒரு வார்த்தை. போன வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கிற அறையில் ஒன்பது பேர், எல்லோருக்கும் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. சுவரில் டிவி. படம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தின பிறகு புருஷன்காரன் தனியாகச் சமைக்கப் போவானே, அந்தப் பாட்டு. அவன் குரலில் ஒரு வரி, அவள் குரலில் ஒரு வரி என்று ஒரே ஆள் டூயட் பாடுவான். 'உப்பு எங்கே' என்று இவன் கேட்க, 'கண்ணு எங்கே' என்று அவளாக அவனே பதில் சொல்வான். ஒன்பது பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு அம்மாள், "சிரிக்க வைக்காதீங்கடா, வலிக்குது" என்று டிவியிடம் கெஞ்சினாள். அடுத்த ஆளைக் கூப்பிட வந்த நர்ஸ் பாட்டு முடிகிறவரை வாசலிலேயே நின்றாள். உள்ளே வாயைத் திறந்து காத்திருந்தவன் கதி என்ன ஆயிற்றோ.

அக்கா, நான் ஆயிரத்து இருநூறு கட்டுரை எழுதியிருக்கிறேன். எதுவும் அடுத்த வியாழக்கிழமையைத் தாண்டவில்லை. அப்பாவின் அந்த ஒரு பாட்டும் ஒரு சண்டையும் நாற்பத்து நான்கு வருடமாக வீங்கின கன்னத்தைச் சிரிக்க வைக்கின்றன. அதில் என்னதான் இருக்கிறது என்று தொழில் முறையில் யோசித்துப் பார்த்துக் களைத்துவிட்டேன். ஒன்று மட்டும் தோன்றுகிறது. மற்ற படங்களில் புருஷன்தான் ஜோக் அடிப்பான், பெண்டாட்டி திட்டுவாள். இதில் அவள் ஜோக் அடிக்கவே இல்லை. நிஜமாகவே களைத்துப் போனவள் பேசுகிறாள். அதனால்தான் சிரிப்பு நிற்கவில்லை.

அது அம்மா பேசினது என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அந்த மதியமே ஞாபகமில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் இடிக்கிறது. சமையலறைக்குக் கதவா? பச்சைக் கோடு போட்ட திரைதானே தொங்கியது. நான் மூக்கு துடைக்கிற திரை.

உன் தம்பி

*

மார்ச் 5

தம்பி,

ஆறு வயதுப் பிள்ளையின் சாட்சியத்தை எந்தக் கோர்ட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாது. கதவு இருந்தது. சத்தம் என் காதில் இருக்கிறது. கேட்டதைக் கேட்டபடி வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உன் கடிதத்தில் மன்னிப்பு மூன்று முறை வருகிறது. மூன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஜோக். எண்ணிப் பார்த்தேன்.

பல் டாக்டரிடம் காத்திருந்த ஒன்பது பேர் சிரித்தார்கள், சரி. அம்மாவின் வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன் என்று அப்பா அவளிடம் ஒரு தடவை கேட்டாரா? கேட்டார் என்பதற்கு ஒரு வரி ஆதாரம் காட்டு. அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

இங்கே வேலை அதிகம். தட்டச்சு செய்யச் செய்ய விரல் மரத்துப் போகிறது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். வீட்டுக்கு வந்தால் யார் குரலும் கேட்காமல் உட்கார்ந்திருக்கத்தான் பிடிக்கிறது. இனிமேல் எழுதாதே.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, பார்சலோடு வருகிற சீட்டு.

அந்தச் சண்டைக் காட்சியில் இரண்டு இடத்தில் ஒலி கெட்டிருக்கிறதாம். வார்த்தைகளைச் சரிபார்க்க அப்பாவின் வசன நோட்டு கிடைக்குமா என்று நிறுவனத்தில் கேட்டார்கள். அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். நோட்டு இருந்தது. காட்சியைத் தேடி எடுத்துப் பார்த்தால், அப்பாவின் நீல மை எழுத்துக்கு ஓரத்தில் பென்சில் எழுத்து. அம்மாவுடையது. பால் கணக்குச் சீட்டில் பார்த்துப் பழகின அதே சாய்வு.

முதல் குறிப்பை மட்டும் படித்தேன். மூடிவிட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். மிச்சத்தையும் படித்தால் வியாழக்கிழமைக்குள் அது கால் பக்கம் ஆகிவிடும்.

நோட்டையே அனுப்புகிறேன், நீ திருப்பின படிவத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. படித்துவிட்டு நீயே வைத்துக்கொள். கிழித்தாலும் சரி.

இதில் ஜோக் இல்லை. தேடாதே.

தம்பி

*

மார்ச் 22

அன்புள்ள தம்பி,

நோட்டு வந்து நாலு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் கோர்ட்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அப்பா மையில் 'தூக்கம் வந்தா நான் பாய்' என்று எழுதியிருக்கிறார். அம்மா பாயை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: "பாய்னு சொல்லலை. தலையணைன்னு சொன்னேன். பாய் ரெண்டு பேருக்கும் பொது." இதைத்தான் நீ படித்திருப்பாய்.

அடுத்து, அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று அப்பா எழுதியிருக்கிறார். பென்சிலில்: "உங்க முன்னாடி நான் அழலை. எதுக்குப் பொய்?" படத்தில் அவள் அழுவதில்லை. கவனித்திருக்கிறாயா?

அதற்கும் கீழே, நீல மையில்: 'சமையலறைக் கதவை அறைந்து சாத்துகிறாள்.' பக்கத்தில் அம்மா: "நம்ம சமையலறைக்கு ஏது கதவு? திரையை எப்படி அறைஞ்சு சாத்தறது?"

அதற்கு அப்பா: "படத்தில் உனக்கு ஒரு கதவு போட்டுத் தருகிறேன்."

அதற்கு அம்மா: "போடறதுதான் போடறீங்க, கனமானதாப் போடுங்க."

தம்பி, கதவு இல்லை. நீ சொன்னதுதான் சரி. பச்சைக் கோடு போட்ட திரை. என் காதில் நாற்பத்து நான்கு வருடமாக இருந்த சத்தம் தியேட்டரில் கேட்டது. அதை வீட்டில் கேட்டதாக வைத்துக்கொண்டு அப்பாவோடு அவர் சாகிற வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு நானே பிறழ் சாட்சி ஆகிவிட்டேன்.

அதற்காக அப்பா யோக்கியர் என்று தீர்ப்பு எழுதிவிடாதே. அந்த மதியம் நடந்தது நிஜம். சாப்பாடு மிஞ்சாதது நிஜம். நோட்டு முழுக்கத் தேடினேன், எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. அவள் கண்ணில் படுகிற இடத்தில் நோட்டை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதைச் சம்மதம் என்று எங்கள் கோர்ட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கதவையும் படத்தில்தான் போட்டுக் கொடுத்தார். வீட்டில் கடைசி வரை திரைதான்.

உன் கணக்கு வேறு. அப்பா எழுதினதில் அவளால் பென்சில் வைக்க முடிந்தது. நீ எழுதினதில் முடியவில்லை. அவள் போன பிறகு எழுதினாய். ஆறு வருடமாக எனக்கு உறுத்தினது அதுதான் என்று நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அம்மா வாய்விட்டுக் கேட்டு வாங்கினது, எனக்குத் தெரிந்து, அந்தக் கதவு ஒன்றுதான். அது அந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது அழுகிப் போக நான் காரணமாக இருக்க மாட்டேன்.

அந்த நிறுவனத்தில் ஒன்று கேள். வசனம் என்று அப்பா பேர் வருகிற இடத்தில் அம்மா பேரும் வருமா?

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

கேட்டேன். அந்தப் பெண் வருத்தப்பட்டாள். படம் எப்படி வெளியானதோ அப்படியேதான் இருக்க வேண்டுமாம், ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாதாம். மூன்று முறை போய் நின்றேன். மூன்றாவது முறை, "சார், ஒரு நாள் நீங்களே உங்களுக்கு அதிகாரியா இருந்து பாருங்க" என்றாள். அந்த வசனம் யாருடையது என்று அப்போது சொன்னேன்.  பிறகு, படம் தொடங்குவதற்கு முன் நன்றி என்று தனியாக ஒரு அட்டை போடுவோம், அதில் முதல் பேராகப் போடுகிறேன் என்றாள். வசனம் என்று வராது, நன்றி என்றுதான் வரும். அம்மாவுக்கு வீட்டில் கிடைத்ததைவிட ஒரு வார்த்தை அதிகம்.

அம்மா திரையைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்தாள் என்று எழுதியிருந்தாய். அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பத்திரிகை வருகிற நாளில் நான் கடையோரம் நிற்பேன். யாராவது பக்கத்தைப் புரட்டினால் நான் பக்கத்தைப் பார்க்க மாட்டேன், அந்த ஆளின் வாயைத்தான் பார்ப்பேன். இதுவரை கொட்டாவிதான் பார்த்திருக்கிறேன் என்பது வேறு. எழுதினவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், அக்கா. தலையணை என்கிற இடத்தில் சிரிக்கிறார்களா என்று அவள் பார்த்திருக்கலாம். இது ஊகம். நீ ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அடுத்த மாதம் என் கட்டுரைகள் புத்தகமாக வருகின்றன. பல்செட் கட்டுரையை எடுத்துவிட்டேன். அதுதான் தொகுப்பிலேயே தேறுகிற ஒன்று என்று பதிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொல்வது உண்மைதான்.

அவளிடம் காட்டிவிட்டு எழுதியிருக்க வேண்டும். முடியாமல் போன பிறகு எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்.

தம்பி

*

செப்டம்பர் 18

அன்புள்ள தம்பி,

நேற்று மதியக் காட்சிக்குப் போனேன். தனியாகத்தான். சக ஊழியர்கள் யாரையாவது கூப்பிட்டால் வசனத்தை முன்கூட்டியே சொல்லிக் கழுத்தறுப்பார்கள்.

தியேட்டர் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. அட்டை வந்தது. அம்மா பேர் எவ்வளவு நேரம் நின்றது என்று கடிகாரத்தில் பார்த்தேன். நாலு விநாடி. யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள் கைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

சமையலறைக் காட்சி வந்ததும் நான் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி ஜனங்களைப் பார்த்தேன். 'தலையணை' என்றதும் முதலில் பெண்கள் சிரித்தார்கள். ஒரு மூச்சு கழித்துத்தான் ஆண்கள் சிரித்தார்கள். இரண்டு வரிசை பின்னால் ஒரு கிழவர் சிரிக்காமல் பக்கத்தில் இருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்காமலே, "கேட்டுக்குங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை, வயிறு வலித்தது.

உன் ஊகத்தை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அப்படித் திரும்பிப் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

இனி தபால் வேண்டாம். உன் எண்ணை விடுவித்துவிட்டேன். எட்டு மணிக்கு மேல் கூப்பிடாதே, தூங்கிவிடுவேன். இருமலுக்கு டாக்டரைப் பார்.

அப்புறம், கதவு. சுத்தம் செய்ததில் அந்த ஒலியும் தெளிவாகிவிட்டது. அவள் சாத்தினதும் என் சீட்டு அதிர்ந்தது. முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

கனமான கதவுதான்டா.

அக்கா